இடப்பக்கத்து இருக்கை

வண்டி ஓட்டக் கற்றுத்தருகிறவர் என்றால் திட்டுவார், கையைத் தட்டிவிடுவார், பாதி வழியில் ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொள்வார் என்று எண்ணித்தான் போனேன். அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. திருவாரூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்தேன். என்னைவிடப் பத்து வயது இளைய ஒரு பெண், வெள்ளை முக்காட்டோடு வந்து, காரின் இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்.

"ஓட்டுங்க டீச்சர்."

"எப்படி?" என்றேன்.

"தெரியாதுல்ல, அதான வந்திருக்கீங்க. சாவியத் திருப்புங்க."

ஊரில் பெண்களுக்கென்று அவர் ஒருவர்தான் கார் கற்றுக்கொடுத்தார். 'மாஸ்டர்' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். முதலில் கடைத்தெரு ஆண்கள் கேலிக்காக வைத்த பெயர் அது. அவர்கள் வீட்டுப் பெண்களே வரிசையில் நிற்கத் தொடங்கியபின் கேலி போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது.

பயிற்சிப் பள்ளி வண்டியில் இடப்பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு. மாஸ்டர் அதில் கால் வைக்கமாட்டார். இரண்டு பாதங்களையும் பின்னுக்கு இழுத்து இருக்கைக்கு அடியில் வைத்துக்கொள்வார். முக்காட்டின் முனைகளை மடியில் குவித்து, கைகளை அதற்குள் நுழைத்துக்கொள்வார். பிறகு தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தாலும் அந்தக் கைகள் வெளியே வராது. விதி ஒன்றுதான், அதை முதல் நாளே சொல்லிவிடுவார்.

"அடுத்தவங்க உசுருன்னா என் கால் வரும். உங்க பயத்துக்கெல்லாம் வராது."

எங்கள் மாவட்டத்தில் ஏற்றம் என்று சொல்ல ரயில்வே மேம்பாலத்தை விட்டால் வேறொன்றும் இல்லை. மற்றபடி கண்ணுக்கு எட்டிய வரை வயல்தான். அந்தப் பாலத்தின் நடுவில் ஒரு நாள் என் வண்டி நின்றுபோனது. கிளப்பினால் பின்னால் உருண்டது. பின்னால் பேருந்து. அதன் ஓட்டுநர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. "மாஸ்டர், நீங்க எடுங்க, நான் இறங்கிக்கிறேன்" என்று கிட்டத்தட்ட அழுதேன். அவர் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காரைக்கால் வண்டி போவுது பாருங்க, டீச்சர். இன்னிக்குச் சரியான நேரத்துக்கு வந்திருக்கு."

எட்டு முறை அணைந்தது. ஒன்பதாவது முறை வண்டி ஏறியது. பாலத்தை விட்டு இறங்கும்வரை அவர் என்னைப் பாராட்டவும் இல்லை.

எல்லோருக்கும் இது பிடிக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பாத்திரக்கடைக்காரர் வீட்டு மருமகள் ஒரு முறை கரைச்சாலையில் வண்டியைத் திருப்பும்போது பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலேட்டரை மிதித்து, முன்சக்கரங்கள் இரண்டையும் வாய்க்காலுக்குள் இறக்கிவிட்டாள். மாமனார் ஓடிவந்தார்.

"உன் காலடியில ஒரு பிரேக் இருக்குல்ல? ஏன் மிதிக்கல?"

"தண்ணி முட்டிக்குக் கீழதாங்க. அடியில சேறு மெத்தை மாதிரி கெடக்கு. பாத்துட்டுத்தான் விட்டேன்" என்றார் மாஸ்டர், சேற்றில் நின்றபடி. "இனிமே அது பிரேக்க மறக்காது பாருங்க."

"பைத்தியமா நீ?" என்று கத்திவிட்டுப் போனார் அவர். அந்தப் பெண் மறுநாள் காலை ஆறு மணிக்கு வந்து நின்றாள். எனக்கே அன்று மாஸ்டர்மேல் கொஞ்சம் பயம் வந்தது. பார்த்துவிட்டுத்தான் விட்டாராம். பார்த்தது தப்பாகப் போயிருந்தால்?

அந்தக் காரை வாய்க்காலிலிருந்து இழுத்துப்போட்டது மலர்க்கொடியின் டிராக்டர். மலருடைய அம்மா ஊர் நிலத்திலெல்லாம் கூலிக்கு நாற்று நட்டவர். மலர் இப்போது சொந்தமாக நான்கு ஏக்கர் சாகுபடி செய்கிறவள். டிராக்டரை அவளே ஓட்டுவாள். கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, "கார் ஓட்டவும் கத்துக்கணும் மாஸ்டர். ஆனா நான் திருப்புறப்ப யாரும் என்னைத் தொடக் கூடாது" என்றாள். "நான் தொடமாட்டேன்" என்றார் மாஸ்டர். இப்படித்தான் நாங்கள் மூவரும் பழக்கமானோம்.

ஏன் எதிலும் கை வைப்பதில்லை என்று நான் ஒரு நாள் மாஸ்டரிடம் கேட்டேன். கல்யாணமான புதிதில் மூன்று வருடம் அவர் கணவரோடு சவூதியில் இருந்தாராம். அப்போது அங்கே பெண்கள் வண்டி ஓட்டக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து பாலைவனத்தைப் பார்த்துக்கொண்டே போவாராம். ஊருக்குத் திரும்பியபின், ஒவ்வொரு விடுமுறைக்கும் வரும்போது கணவர் ஓட்டக் கற்றுக்கொடுத்தார்.

"எங்க மச்சான் தங்கமான மனுசர் டீச்சர். ஆனா வளைவு வந்தா போதும், அவரு கை ஸ்டியரிங்குக்கு வந்துடும். நாலு லீவு அப்படியே போச்சு. அவரு பிளைட் ஏறின மறுவாரம் நானா ஓட்டிக்கிட்டு நாகூர் போயிட்டு வந்தேன்."

இமயமலைக்குப் போகலாம் என்ற யோசனையும் மாஸ்டருடையதுதான். பயிற்சிப் பள்ளியில் மாட்டுவதற்காக யாரோ கொடுத்த நாள்காட்டியில் ஒரு மலைப்பாதைப் படம். அதன் கீழ் நின்றுகொண்டு, "ஓட்டத் தெரிஞ்சு என்ன பண்றது? எல்லாரும் மார்க்கெட்டுக்கும் கல்யாண மண்டபத்துக்குந்தான் போறோம்" என்றார். எனக்கு மே மாதம் பள்ளி விடுமுறை. மலருக்கும் மே மாதம் வயலில் வேலை இல்லை. "மேட்டூர் டேம் தொறக்குறதுக்குள்ள வந்துடணும். குறுவைக்கு நாத்து விடணும்" என்று மட்டும் சொன்னாள். என் வீட்டுக்காரர் மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் இரண்டு ஸ்வெட்டர் வாங்கிவந்து மேசைமேல் வைத்தார்.

மாஸ்டரின் சொந்தக் காரில் கிளம்பினோம். அதில் இடப்பக்கம் பிரேக் கிடையாது. முறை வைத்து ஓட்டினோம். ஆறு நாள் சமவெளி, வெயில், புழுதி. சிம்லாவைத் தாண்டியதும் தேவதாரு மரங்கள் வந்தன. அதற்கும் மேலே மரங்களே இல்லாத, சாம்பலும் செம்மண்ணும் கலந்த மலைகள். கீழே சட்லஜ் நதி சிமெண்டைக் கரைத்ததுபோல ஓடியது. மலர் அதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு தண்ணி. நம்ம ஊருக்கு ஒரு வாய்க்கால் வெட்டிவுட்டா என்ன?" என்று பெருமூச்சு விட்டாள்.

அந்த லாரி வந்தது என் முறையின்போது. பாறையைக் குடைந்து போட்ட பாதை. தலைக்கு மேலே பாறை, என் பக்கத்தில் பள்ளம். தடுப்பு என்று ஒன்றுமில்லை, வெள்ளை அடித்த கற்கள் மட்டும். நான் இறக்கத்தில் போய்க்கொண்டிருந்தேன். எதிரே சரக்கு லாரி ஏறி வந்தது. மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. லாரிக்காரர் கையை வெளியே நீட்டிப் பின்னால் போகச் சொன்னார். பாதை அகன்ற இடம் அறுபது எழுபது அடி பின்னால், ஒரு வளைவைத் தாண்டி இருந்தது.

என் கால் நடுங்கத் தொடங்கியது. கண்ணாடியில் வானம் மட்டும்தான் தெரிந்தது.

"மாஸ்டர், என்னால முடியாது. நீங்க எடுங்க."

"பின்னால போறது உங்களுக்குத் தெரியும். கரைச்சாலையில பஸ்ஸுக்கு எத்தனை தடவ ஒதுங்கியிருக்கீங்க."

"அங்க விழுந்தா வாய்க்கால்! இங்க பாருங்க!"

பின்னிருக்கையிலிருந்து மலர் வெடித்தாள். "மாஸ்டர், வெளையாடாதீங்க. மூணு பேரு உசுரு. அடுத்தவங்க உசுருன்னா என் கால்னு சொன்னீங்கல்ல? எங்க உங்க காலு? உங்க கொள்கைக்கு நாங்க சாவணுமா?"

மாஸ்டர் என்னை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். கதவைத் திறந்து இறங்கினார். என் பக்கம் வந்து ஸ்டியரிங்கை வாங்கப்போகிறார் என்று நினைத்து நான் பெல்ட்டைக் கழற்றினேன். அவர் வண்டிக்குப் பின்னால் நடந்து போனார். பள்ளத்து ஓரம், வெள்ளைக் கல்லுக்குப் பக்கத்தில், சால்வை காற்றில் அடிக்க நின்றார். வண்டி பள்ளத்துப் பக்கம் வழுக்கினால் முதலில் அவரைத்தான் தள்ளும்.

"டீச்சர்! பெல்ட்டப் போடுங்க. பள்ளத்தப் பாக்காதீங்க, கண்ணாடியில என்னைப் பாருங்க. என்னைப் பாத்து வாங்க!"

எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தில் கால் நடுக்கம் நின்றது. பின் கியரைப் போட்டேன். "வாங்க, வாங்க, கொஞ்சம் உங்க வலது, போதும், நேரா" என்று அவர் குரல் வந்துகொண்டே இருந்தது. வண்டி ஓரடி வந்தால் அவர் ஓரடி பின்னால் வைப்பார். ஒவ்வொரு அடியையும் விளிம்பிலேயே வைத்தார். வளைவில் ஒரு நொடி கண்ணாடியில் அவரைக் காணவில்லை. பிரேக்கை மிதித்தேன். "இங்கதான் இருக்கேன், வாங்க!" என்றது குரல். அகன்ற இடத்தில் வண்டி நின்றபோது என் முதுகு முழுவதும் நனைந்திருந்தது. லாரி உரசாமல் கடந்து போனது. ஓட்டுநர் நெற்றியில் கை வைத்து எனக்கு ஒரு வணக்கம் போட்டார். எனக்கு, மாஸ்டருக்கு அல்ல.

அன்று முழுவதும் மலர் மாஸ்டரோடு பேசவில்லை. டீக்கடையில்கூடத் தனி பெஞ்சில் உட்கார்ந்தாள். மாஸ்டர் அவளிடம் போய், "கோவப்படுங்க மலர். நியாயந்தான்" என்று சொல்லிவிட்டு வந்தார். மன்னிப்புக் கேட்கவில்லை.

மறுநாள் மாஸ்டரின் முறை. பிற்பகலில், பனி உருகிவந்த ஓடை ஒன்று சாலையை அறுத்துக்கொண்டு ஓடியது. முப்பது அடி அகலம் இருக்கும். காலையில் கணுக்கால் அளவுதான் இருந்திருக்கும்; வெயிலில் பனி உருக உருக இப்போது ஏறியிருந்தது. மாஸ்டர் வண்டியை நிறுத்தினார். இறங்கி நின்று பார்த்தார். பிறகு பின்கதவைத் திறந்து, நேற்றிலிருந்து முகம் கொடுக்காத மலரிடம் சாவியை நீட்டினார்.

"மலர், எனக்கு இது தெரியாது. நீங்க எடுங்க."

மலர் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சுடிதாரை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு இறங்கினாள். ஒரு கம்பை ஊன்றி, பனித்தண்ணீரில் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்து பார்த்தாள். "மேல வழுவழுன்னு போவுது பாருங்க, அங்கதான் பள்ளம். இந்தப் பக்கம் அலை அடிச்சுக்கிட்டு சத்தம் போடுதுல்ல, இங்க ஆழம் கம்மி. அடியில கல்லு கெட்டியா இருக்கு" என்றாள். வந்து உட்கார்ந்து, முதல் கியரில் நிறுத்தாமல், சேற்று உழவு ஓட்டுவதுபோல ஓட்டிக் கரையேற்றினாள். அக்கரையில் அவள் முகத்தில் சிரிப்பு வந்திருந்தது.

எனக்குத்தான் ஆறவில்லை. "நேத்து நான் கெஞ்சினேன், நீங்க வாங்கல. இன்னிக்கு நீங்க கேட்டதும் மலர் எடுக்கிறா. இது என்ன நியாயம்?"

"நேத்து உங்களுக்குப் பயம் டீச்சர். இன்னிக்கு எனக்குத் தெரியல. ரெண்டும் வேற வேற" என்றார் மாஸ்டர்.

காசா என்ற சிறு மலை நகரத்துக்கு மேலே ஒரு கிராமத்தில் ஒரே ஒரு இரவு தங்குவதாகத்தான் திட்டம். இருபது வீடுகள், மண்கூரைமேல் அடுக்கிய விறகு, சரிவில் அப்போதுதான் விதைத்த பார்லி வயல்கள். எங்களுக்கு அறை கொடுத்த டோல்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். அவர் வீட்டு வாசலில் ஒரு பழைய ஜீப் நின்றது. கணவருக்குக் காசாவில் வேலை. வாரம் ஒரு முறைதான் வருவாராம். மாஸ்டருக்கு சவூதியில் அக்கம்பக்கத்து ஹைதராபாத்காரர்களிடம் பிடித்த இந்தி கொஞ்சம் இருந்தது. அடுப்படியில் உட்கார்ந்து இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று மாஸ்டர் பேச்சை நிறுத்திவிட்டு எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

"போன பனியில இவங்க மகளுக்கு வயித்து வலி. துடிச்சிருக்கு. வீட்டுக்காரர் கீழ இருந்திருக்காரு. ஊர்ல ஓட்டத் தெரிஞ்ச ஆளு யாரும் இல்ல. ஜீப் வாசல்ல நிக்குது. அவரு நடந்து ஏறி வர்ற வரைக்கும் இவங்க சாவியக் கையில வச்சுக்கிட்டு ஜீப்புக்குள்ள உக்காந்திருந்தாங்களாம், மகள மடியில போட்டுக்கிட்டு."

"பொண்ணு?" என்றாள் மலர்.

"பொழைச்சிருச்சு. அல்லா காப்பாத்தினான்." பிறகு டோல்மாவின் பக்கம் திரும்பி இந்தியில் ஏதோ சொன்னார். நாளைக் காலை சாவியோடு வரச் சொன்னார் என்று முகத்தைப் பார்த்தே தெரிந்தது.

"மாஸ்டர், மேட்டூர் தொறந்துடுவாங்க" என்றாள் மலர்.

"மூணே நாளு, மலர்."

மூன்று நாள் தங்கினோம். மலர் முணுமுணுத்துக்கொண்டே வயல்பக்கம் போனவள், சாயங்காலம் உற்சாகமாகத் திரும்பினாள். பனித்தண்ணீரை ஒரு சின்ன வாய்க்காலில் கொண்டுவந்து, வீட்டுக்கு இவ்வளவு நேரம் என்று கல்லை நகர்த்தி நகர்த்திப் பாய்ச்சுகிறார்களாம். "நம்ம ஊரு முறைத்தண்ணிதான் டீச்சர். சண்டையும் அதே சண்டைதான்!"

டோல்மா அதன்பிறகு என்ன ஆனார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த குளிர்காலத்தில் பிரசவ வலி கண்ட பக்கத்து வீட்டுப் பெண்ணை அந்த ஜீப்பில் காசா ஆஸ்பத்திரிக்கு அவர்தான் கொண்டுபோனார். சக்கரத்தில் சங்கிலி கட்டி, பனிமேல், தனியாக. அந்தச் செய்தி வந்தபோது மாஸ்டர் திருவாரூரில்தான் இருந்தார். செல்போனை எடுத்துக்கொண்டு என் பள்ளிக்கே ஓடிவந்தார். மலர் நாற்றங்கால் விதைப்பதற்கு இரண்டு நாள் முன்னதாகவே ஊர் சேர்ந்துவிட்டோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவள் கோபித்துக்கொள்வாள். கணவர் ஊரோடு வந்துவிட்டபின் மாஸ்டர் மகள் படிப்புக்காகச் சென்னைப் பக்கம் குடிபோனார். தொடக்கத்தில் பேசிக்கொண்டிருந்தோம். பிறகு எண் மாறிவிட்டது. அங்கேயும் யாருக்காவது இடப்பக்கம் உட்கார்ந்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

நான் சொல்லவந்தது அந்தக் கிராமத்தில் நாங்கள் தங்கிய மூன்றாம் நாள் காலையைப் பற்றி.

ஊருக்கு வெளியே ஒரு பொட்டல் வெளி. மூன்று பக்கம் சமதளம், ஒரு பக்கம் மட்டும் சரிந்து கீழே இறங்கும். டோல்மா அதில் வட்டமாக ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தார். ஜீப்பிலும் இடப்பக்கம் பிரேக் இல்லை, இருப்பது கை பிரேக்தான். கூரைகள்மேல் ஊர் ஜனம் நின்று வேடிக்கை பார்த்தது. நானும் மலரும் ஒரு கல்சுவரருகே டீயோடு நின்றோம்.

ஐந்தாவது வட்டத்தில் ஜீப் திரும்பவேண்டிய இடத்தில் திரும்பவில்லை. நேரே சரிவை நோக்கிப் போனது. வேகம் கூடியது. கூரைகளிலிருந்து கூச்சல் எழுந்தது. டோல்மாவின் மகள் ஏதோ அலறிக்கொண்டு ஓடினாள். "ஹேண்ட் பிரேக்! மாஸ்டர், ஹேண்ட் பிரேக்க இழுங்க!" என்று மலர் கத்தினாள். திறந்த ஜீப் என்பதால் மாஸ்டரைத் தெளிவாகப் பார்க்க முடிந்தது. தலை நிமிர்ந்திருந்தது. கைகள் சால்வைக்குள் இருந்தன. அவை வெளியே வரவில்லை.

சரிவு தொடங்கும் இடத்தில் கிடந்த பெரிய பாறைக்குப் பத்தடி முன்னால் ஜீப் குலுங்கி நின்றது.

புழுதி அடங்கியதும் டோல்மா சிரிக்கிற சத்தம் கேட்டது. அழுகையும் அதிலேயே இருந்தது. மாஸ்டர் இறங்கினார். டோல்மா தானே ஜீப்பைக் கிளப்பி, பின்னால் எடுத்து, ஒடித்துத் திருப்பி, ஊரைப் பார்த்து ஓட்டிக்கொண்டு வந்தார். கூரைகளில் கைதட்டல். எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

மாஸ்டரை யாரும் கவனிக்கவில்லை. அவர் நடந்துவந்து கல்சுவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார். நான் டீயை எடுத்துக்கொண்டு போனேன். முகம் வெளுத்திருந்தது, உதடு காய்ந்திருந்தது. "கை பிரேக்க இழுத்திருக்கலாமே மாஸ்டர்" என்றேன்.

"அந்தப் பாறை வரைக்கும் கணக்கு வச்சிருந்தேன் டீச்சர். பாறைக்கிட்ட போயிருந்தா இழுத்திருப்பேன்."

டீயை வாங்கச் சால்வைக்குள்ளிருந்து கைகளை வெளியே எடுத்தார். அவர் உள்ளங்கைகளை அதுவரை நான் கவனித்ததே இல்லை. இரண்டிலும் நான்கு நான்கு நகக்குறிகள், பிறை பிறையாக, ஆழமாகப் பதிந்திருந்தன. ஒன்றில் ரத்தம் கசிந்தது. அதைச் சுற்றிலும் பழைய தழும்புகள். ஒன்றின்மேல் ஒன்றாக, எண்ண முடியாதபடி இருந்தன. அந்தக் கைகள் ஒரு நாளும் சும்மா இருந்ததில்லை.

டீயை அந்தக் கைகளில் வைத்தேன்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க டீச்சர்" என்றார். "கத்துக்க வர்றவங்க பயந்துடுவாங்க."

அங்கே டோல்மா ஹாரன் அடித்தார். மாஸ்டர் டீயை ஒரே மடக்கில் குடித்தார். கைகளைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டு, ஜீப்பின் இடப்பக்கக் கதவை நோக்கி நடந்தார்.